திண்ணைச் சீட்டும் திரைச் சீட்டும்

தாம்பரம் மாநகராட்சியின் வடபகுதியில், அடையாற்றை ஒட்டி அனகாபுத்தூர் என்னும் நெசவாளர் ஊர் இருக்கிறது. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் ஆகியவற்றோடு சேர்த்து இவ்வூரும் அப்புதிய மாநகராட்சியில் இணைக்கப்பட்டது. ஒரு காலத்தில் இங்கு நெய்த கட்டம் போட்ட துணி ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற பெயரோடு மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது. 1970-களில் நைஜீரியா அயல்துணி இறக்குமதியைத் தடுத்தபின் தறிகள் குறையலாயின. பிற்காலத்தில் வாழைநார் முதலிய இயற்கை நார்களை ஊடையாக இட்டுப் புடவை நெய்து இவ்வூரார் வேறொரு வகையில் பெயர் பெற்றனர். இவ்வரலாறு நமது வாசகர்களுக்குப் புதிதன்று. இன்று யாம் எழுத எடுத்துக்கொண்டது தறியில் அமர்ந்திருக்கும் நேரத்தைப் பற்றியதும் அன்று; தறிக்குழியை விட்டு எழுந்த பிறகு உள்ள நேரத்தைப் பற்றியது.

நெசவாளனுக்கு ஆபீஸ் மணி கிடையாது. வேலையும் ஓய்வும் ஒரே கூரையின் கீழ் ஒன்றோடொன்று பின்னியே கிடக்கும். தாத்தா தறியில் இருப்பார். பாட்டி தார் சுற்றுவாள். வாசலில் ஒருவர் நின்று நூல் விலையைப் பேசுவார். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்க எட்டுப் பத்துப் பேர் கூடியாக வேண்டும். அந்தக் கூட்டத்தில்தான் யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் வழக்கு, யாருக்குக் கடன் என்பதெல்லாம் வெளிவரும். பயிர்த்தொழில் செய்வோருக்கும் இப்படியே. முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கங்களில் எஞ்சியிருக்கும் கீரைப் பாத்திக்காரர்களும் நெல் சாகுபடிக்காரர்களும் களத்துமேட்டில் உட்கார்ந்து பேசிய பேச்சுத்தான் அவர்களுடைய சமாசாரப் பத்திரிகை. மாலையில் திண்ணையில் ஆடுபுலி ஆட்டம் நடக்கும். சில வீடுகளில் சீட்டும் நடக்கும். சீட்டாட்டத்தை யாம் புகழ வரவில்லை. அதனால் கெட்ட குடும்பங்கள் உண்டு. ஆயினும் அது திண்ணையில் நடந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஆடுகிறவனின் மனைவி பார்த்தாள். அடுத்த வீட்டுக்காரர் பார்த்தார். சங்கத்துக் காரியதரிசி அவ்வழியே போகும்போது பார்த்தார்.

கணினி நம் பக்கத்து வீடுகளுக்கு வந்தது ஒரே நாளில் அல்ல. 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தாம்பரத்திலும் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் ‘பிரவுசிங் சென்டர்’ என்ற பலகைகள் தொங்கலாயின. மணிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்துவிட்டுப் பலகைத் தடுப்புக்குள் உட்கார வேண்டும். கல்லூரி மாணவர்கள் பரீட்சை முடிவு பார்க்கப் போவார்கள். முடிவு பார்த்தபின் மீதி நேரத்தில் விளையாடுவார்கள். அதே 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கணினி வேலை பெருகியது. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசாங்கம் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அதுவரை தறியும் ராட்டையும் தவிர வேறு யந்திரம் அறியாத வீடுகளிலும் கணினி புகுந்தது. பாடம் படித்தவர்கள் படித்தார்கள். பென்டிரைவில் படம் வாங்கிப் பார்த்தவர்கள் பார்த்தார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ கம்பெனி இறங்கியதும் டேட்டா விலை சரிந்தது. அதன்பின் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு கணினி குடியேறிவிட்டது. கைப்பேசியைக் கணினி என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். 2000-இல் அந்தப் பலகைத் தடுப்புக்குள் இருந்த பெட்டியைவிட இன்றைய கைப்பேசி வலிமை மிக்கது, ஆகையால் சொல்லலாம்.

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. அந்த வண்டியில் பல ஆண்டுகள் போய்வந்தவர்களுக்கு நினைவிருக்கும்: நான்கு பேர் மடியில் பெட்டியை வைத்து அதன்மேல் துண்டை விரித்துச் சீட்டாடுவார்கள். மற்றொரு பக்கம் ஒரே நாளிதழை நான்காகப் பிரித்து நான்கு பேர் படிப்பார்கள். நான்காம் பக்கம் யாரிடம் இருக்கிறது என்று கேட்பதிலேயே சிநேகம் உண்டாகும். இப்போது அதே வண்டியில் ஏறினால் பெட்டி முழுவதும் குனிந்த தலைகள். தலை குனிந்திருப்பது குற்றமன்று. புத்தகம் படிப்பவனும் தலை குனிந்துதான் படிக்கிறான். ஆனால் பக்கத்தில் இருப்பவன் என்ன செய்கிறான் என்பது இப்போது நமக்குத் தெரிவதில்லை. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

கூரை ஓடும் கடன் மனுவும்

எம் வட்டாரத்து நெசவாளர் சங்கமொன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறோம். முதிய அங்கத்தினர் ஒருவர் தம் சேமிப்புக் கணக்கிலிருந்து கூரை மராமத்துக்கென முன்பணம் கேட்டார். கூட்டுறவு நெசவாளர் சேமிப்புத் திட்டத்தில் அங்கத்தினர் தம் கூலியில் ரூபாய்க்கு 8 காசு வீதம் போட்டுவருவதும், அரசாங்கம் தன் பங்கைச் சேர்ப்பதும் நம்மவர் அறிந்ததே. அப்படி எட்டெட்டுக் காசாகச் சேர்ந்த பணம் அது. நிர்வாகக் குழு ஆட்சேபணையின்றி அனுமதித்தது. ஏழு மாதம் கழித்து அவரே இரண்டாவது மனுவுடன் வந்தார். இம்முறை காரணம் வைத்தியச் செலவு என்றிருந்தது.

குழுவில் ஒருவர் அவர் தெருவிலேயே குடியிருப்பவர். மழைக்காலத்தில் அவ்வீட்டின்மேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பதைக் கண்டவர். கூட்டம் முடிந்ததும் பெரியவரைத் தனியே அழைத்து, “மாமா, கூரைக்கு ஓடு வாங்கினீர்களா?” என்று கேட்டார். பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “ஓடு எங்கே வந்தது, தம்பி? பையனிடம் பணத்தைக் கொடுத்தேன். அவன் செல்போனில் போட்டுவிட்டான்” என்றார்.

மகன் கிண்டிப் பக்கம் வேலை பார்ப்பவன், வயது இருபத்தாறு, குடிப்பழக்கம் இல்லாதவன். ரயிலில் போகும்போது பொழுதுபோக்காக இணையத்தில் ரம்மி ஆடத் தொடங்கினான். முதல் வாரம் ரூ. 400 கிடைத்தது. மூன்று மாதத்தில் தன் சம்பளத்தை இழந்தான். இழந்ததை மீட்கக் கைப்பேசியிலேயே கடன் கொடுக்கும் செயலிகளில் வாங்கினான். அக்கடனை அடைக்கக் கூரைப் பணம் போயிற்று. எல்லாம் சேர்த்து ரூ. 62,000. இத்தனையும் ஒரே அறையில், தாய் தார் சுற்றிக்கொண்டிருக்கையில், பத்தடி தூரத்தில் நடந்தன. “இரவில் போன் பார்த்துக்கொண்டிருப்பான், வேலை விஷயமாக இருக்கும் என்று நினைத்தேன்” என்று அந்த அம்மையார் சொன்னார். பையன் திண்ணையில் சீட்டாடியிருந்தால் முதல் நாளே துடைப்பத்தோடு போயிருப்பார் என்பதில் எமக்குச் சந்தேகமில்லை.

கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை நம் அங்கத்தினர்கள் தெரிந்துகொள்வது நல்லது. உதாரணமாக, சம திறமையுள்ள இருவர் தலைக்கு ரூ. 1,000 வைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு ரூ. 100 கட்டி ஆடுவதாகக் கொள்வோம். களத்தை நடத்துகிற கம்பெனி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைக் கட்டணமாக எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மேசையில் ரூ. 200, கம்பெனிக்கு ரூ. 20, வென்றவனுக்கு ரூ. 180. நூறு ஆட்டம் முடிந்தால் கம்பெனிக்கு ரூ. 2,000 போய்ச் சேரும். இருவரும் கொண்டுவந்தது மொத்தம் அதே ரூ. 2,000 தான். யார் கெட்டிக்காரன் என்ற கேள்வியே அங்கே இல்லை. திண்ணைச் சீட்டில் தோற்றவன் பணம் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று, அதுவும் கெடுதியே. ஆனால் திண்ணை தனக்கென்று கட்டணம் எடுத்ததில்லை.

நாணயமும் முகமும்

இங்கே நமது இயக்கத்தின் அடிப்படை ஒன்றை நினைவுகூர்வது அவசியம். சென்னை மாகாணத்து அதிகாரியான பிரெடரிக் நிகல்சன் 1895-லும் 1897-லும் தாம் அளித்த அறிக்கைகளில், ஜெர்மனியில் ரைபைசன் நடத்திய கிராமச் சங்கங்களை நம் நாட்டுக்கு ஏற்ற முறையாக எடுத்துக்காட்டினார். அம்முறையின் உயிர்நிலை, சங்கம் சிறிய எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதும் அங்கத்தினர்கள் ஒருவரையொருவர் நேரில் அறிந்திருக்க வேண்டும் என்பதும் ஆகும். ஈடு கொடுக்க நிலமில்லாத ஏழைக்கு அவனுடைய ஒழுக்கமே ஈடு. அவ்வொழுக்கத்துக்குச் சாட்சி அண்டை வீட்டார். 1904-இல் சட்டம் வந்து, திருவள்ளூரை அடுத்த திரூரில் சங்கம் தொடங்கிய நாள் முதல் நாம் ‘நாணயம்’ என்ற சொல்லைக் காசுக்கும் நேர்மைக்கும் ஒருசேர வழங்கிவருவது தற்செயல் அன்று.

பொழுதுபோக்கு திரைக்குள் போய்விட்டதால் நமக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் இதுவே என்று யாம் கருதுகிறோம். கண் கெடுகிறது, தூக்கம் கெடுகிறது என்பவற்றை வைத்தியர்கள் சொல்லட்டும். சங்கத்துக்கு நேர்ந்தது வேறு. அண்டை வீட்டாரின் அறிவு குறைந்துவிட்டது. வட்டிக்கடைக்காரனாவது வாசலில் வந்து நின்றான். தெரு முழுவதும் அறிந்தது. செயலிக் கடன் வாசலுக்கு வருவதில்லை. கடன் வாங்கினவன் தவறினால்தான் அவனுடைய உறவினர்களின் கைப்பேசிகளுக்கு வசவும் மிரட்டலும் வருகின்றன. அப்போது காலம் கடந்துவிடுகிறது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இத்தகைய கடன்களுக்கு விதிகள் வகுத்தது. விதியைப் பொருட்படுத்தாதவர்களே இவ்வியாபாரத்தில் அதிகம் தொல்லை தருகிறார்கள்.

கணினிப் பொழுதுபோக்கு மனிதரைத் தனிமைப்படுத்துகிறதா என்று அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். பிட்ஸ்பர்க் நகரில் 73 குடும்பங்களைச் சேர்ந்த 169 பேருக்குக் கணினியும் இணைய இணைப்பும் கொடுத்து, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஓரிரண்டு ஆண்டுகள் கவனித்தனர். அதிகம் பயன்படுத்தியவர்கள் வீட்டாரோடு பேசுவது சற்றே குறைந்தது, நட்பு வட்டம் சுருங்கியது, தனிமையுணர்ச்சியும் மனச்சோர்வும் சிறிது கூடின என்று 1998-இல் வெளியிட்டனர். அது உலகெங்கும் பரபரப்பாகப் பேசப்பட்டது. 2002-இல் அதே ஆசிரியர்கள், தாங்கள் கண்ட தீய விளைவுகள் நாளடைவில் பெரும்பாலும் மறைந்துவிட்டன என்று எழுதியது அத்தனை பேசப்படவில்லை. பின்னர் வேறொரு தொகுதியினரை ஆராய்ந்தபோது, கலகலப்பாகப் பழகுகிறவர்களுக்கு இணையம் நன்மை செய்வதையும், ஒதுங்கி வாழ்கிறவர்களை மேலும் ஒதுக்குவதையும் கண்டனர். இச்செய்தியே எமக்கு முக்கியமாகப் படுகிறது. ஏற்கனவே கூட்டாளிகள் உள்ளவனுக்குக் கணினி இன்னொரு கூட்டாளி. தனியாளுக்கு அது மேலும் ஒரு சுவர்.

இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்காக மோட்டார் கொட்டகையில் காத்திருக்கும் விவசாயியை எண்ணிப் பாருங்கள். அந்தத் தனிமையில் கைப்பேசி அவனுக்குப் பாட்டுக் கேட்பிக்கிறது, துபாயில் இருக்கும் தம்பியின் முகத்தைக் காட்டுகிறது. அதைப் பிடுங்கிவிட வேண்டும் என்று சொல்ல எமக்கு மனம் வராது.

சட்டம் சென்ற பாதை

சூதைக் கட்டுப்படுத்த நமது மாநிலம் மேற்கொண்ட முயற்சி நீண்ட கதை. 2003-இல் லாட்டரிச் சீட்டு தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டது. கூலி வாங்கிய கையோடு சீட்டுக் கிழித்துப் பார்த்தவர்கள் இருந்த தெருக்களில் அதன் பயன் கண்கூடு. இணையச் சூதுக்கு 2020 நவம்பரில் அவசரச் சட்டமும் பின்னர் சட்டமும் வந்தன. 1968-லேயே உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்று கூறியிருந்தது. அவ்வழியில் வாதங்கள் எழுந்து, 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளியது. 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன்பின் புதிய மசோதா வந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகச் சேர்த்த பகுதியை மட்டும் விலக்கியது.

இதற்கிடையே குடும்பங்கள் அழிந்த செய்திகள் வந்துகொண்டிருந்தன. தென்சென்னைப் புறநகர்களிலிருந்தும் வந்தன. அவற்றை விவரிப்பது இப்பத்திரிகையின் மரபன்று.

2025 பிப்ரவரியில் மாநில அரசாங்கம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்கள் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை நடைபெறலாகாது என்று விதித்தது. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அவ்விதியை நிலைநிறுத்தியது. பின்னர் நாடாளுமன்றம் பண ஆட்டங்கள் அனைத்தையும், திறமை அதிர்ஷ்டம் என்ற பேதமின்றித் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்ற, 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். நடத்துகிறவனுக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை. பெரிய கம்பெனிகள் அம்மாதமே பண ஆட்டங்களை நிறுத்தின. வழக்குகள் உச்ச நீதிமன்றம் சென்றன.

சட்டம் வேண்டியதுதான். ஆயினும் தென்கொரியாவின் அனுபவத்தையும் பார்க்க வேண்டும். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை கணினி விளையாட்டு ஆடக் கூடாதென்று அங்கே 2011-இல் சட்டம் செய்தார்கள். பிள்ளைகள் கணினியை விட்டுக் கைப்பேசிக்குப் போய்விட்டனர். சட்டம் 2022 தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. இங்கும் வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் களங்கள் கதவைத் தட்டத்தான் செய்யும். விளையாட்டை நிறுத்த முடியாமல், வாழ்வின் பிற கடமைகளெல்லாம் பின்தள்ளப்படும் நிலையை உலக சுகாதார நிறுவனம் ஒரு நோயாகவே 2019-இல் ஏற்று, 2022 ஜனவரி முதல் தன் நோய்ப் பட்டியலில் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. நம் வீடுகளில் இப்படி ஒருவர் இருந்தால் திட்டித் திருத்த முயல்வதைவிட 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் கேட்பது மேல். செயலி மோசடியில் பணம் போனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

பொது அறையில் ஒரு யந்திரம்

முதியவர்களுக்கு நினைவிருக்கலாம்: ரேடியோவும் ஒரு பொழுதுபோக்கு யந்திரமாகவே கிராமத்துக்கு வந்தது. பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒரே பெட்டி. ஊரே சுற்றி உட்கார்ந்து கேட்டது. 1960-களின் பிற்பகுதியில் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டுத் தஞ்சை விவசாயிகள் ஏ.டி.டி. 27 என்ற புதிய நெல்லைப் பயிரிட்டார்கள். அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வந்துவிட்டது. சேர்ந்து கேட்டார்கள்; கேட்டதைச் சேர்ந்து விவாதித்தார்கள்; அடுத்தவன் வயலில் முளைத்ததைப் பார்த்துத் தானும் விதைத்தார்கள். கணினி ஓய்விலும் இப்படிப்பட்ட காரியங்கள் நடக்காமல் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால், பல நாட்டுத் தமிழர்கள் தத்தம் ஓய்வு நேரத்தில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக யாவருக்கும் கிடைக்கச் செய்தனர். கூலியில்லை, நிர்ப்பந்தமில்லை. கூட்டுறவு என்று பெயர் வைத்துக்கொள்ளாத கூட்டுறவு அது.

ஆகையால் சங்கங்கள் தங்கள் படிப்பகங்களை மறுபடி திறக்க முன்வரலாம். பல சங்கக் கட்டடங்களில் அந்த அறை இன்று பழைய நூல் மூட்டைகளுக்கு இடமாகியிருக்கிறது. பொதுநல நிதியிலிருந்து ஒரு கணினி, ஒரு கேரம் பலகை, நான்கு நாற்காலி வாங்குவது பெரிய செலவன்று. கணினியின் திரை வாசலைப் பார்த்து இருக்கட்டும். பிள்ளைகள் அங்கே சதுரங்கம் ஆடட்டும். புடவைக் கரைக்கு டிசைன் வரைந்து பார்க்கட்டும். சேமிப்பு முன்பணத்தைக் கொடுக்கும்போது காரணத்தை மனுவில் எழுதி வாங்குவதோடு நில்லாமல், மாதம் கழித்து ஒருவர் நேரில் போய்ப் பார்த்து வருவதும் பழைய வழக்கமே. அது உளவு பார்ப்பதாகும் என்று இளைஞர் சிலர் குறைகூறுகின்றனர். அக்குறையில் சிறிது நியாயம் உண்டென்பதை ஒப்புக்கொள்கிறோம். போகிறவர் எப்படிப் போகிறார், என்ன முகத்தோடு போகிறார் என்பதைப் பொறுத்தது அது.

அந்தப் பெரியவரின் இரண்டாவது மனுவைக் குழு நிராகரிக்கவில்லை, ஒத்திவைத்தது. மகனை அழைத்துவரச் சொன்னார்கள். அவன் இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை, மூன்றாவதற்கு வந்தான். செயலிக் கடன்களின் பட்டியலைத் தானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். வீட்டில் காட்டாத தாள் அது. அவற்றில் வட்டி கொடுமையான இரண்டை மட்டும் உடனே தீர்க்கத் தொகை அனுமதிக்கப்பட்டது. அதைச் சங்கமே நேராகச் செலுத்தியது. பாக்கியை அவன் சம்பளத்திலிருந்து அடைக்க ஏற்பாடு. மாதந்தோறும் முதல் சனிக்கிழமை வந்து ரசீதைக் காட்டிவிட்டுப் போகிறான். நடுவில் ஒரு மாதம் தவறியது. காரணத்தை அவன் சொல்லவில்லை, குழுவும் கேட்கவில்லை. அடுத்த மாதம் இரண்டு ரசீது கொண்டுவந்தான். கூரைக்குச் சென்ற மழைக்கு முன் ஓடு போட்டார்கள். பின்கட்டில் மட்டும் இன்னும் தார்ப்பாய் இருக்கிறது.